எமது சாவிக்கொத்து விளக்கு

கல்லூரி ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருக என்று அதன் தமிழ்ப் பகுதிக்குப் பொறுப்பேற்ற நண்பர் எம்மை வேண்டினார். எதைப் பற்றி எழுதுவது என்று வினவினோம். “எதைப் பற்றியேனும் எழுதலாம், ஆனால் திங்கட்கிழமைக்குள் வந்து சேரவேண்டும்” என்றார். பொருளுக்கு எல்லையில்லை, காலத்துக்கு மட்டும் எல்லை உண்டு என்னும் இந்நிலை எம்மைத் திகைக்கச் செய்தது. சிந்தனையோடு விடுதிக்குத் திரும்பி, அறையைத் திறக்கும் பொருட்டுச் சட்டைப் பையுள் கையிட்டோம். சாவிக்கொத்து அகப்பட்டது, அதனோடு கோத்துக் கிடந்த சிறு விளக்கும் அகப்பட்டது. கையகத்தே கிடந்த பொருளை எங்கெங்கோ தேடினோமே என்று நகைத்துக்கொண்டு உட்புகுந்தோம். ஆயினும் எழுதத் தொடங்கியபின் அந்நகை நிலைக்கவில்லை. அவ்விளக்கைப் பற்றி எழுதுவதாயின், யாம் இதுகாறும் எவரிடமும் உரையாத செய்தி ஒன்றையும் எழுதியாக வேண்டும்.

அதனைக் கண்டவர் முதற்பார்வையில் விளக்கென்று கொள்ளார். எம் சுட்டுவிரலின் நீளமே அதன் நீளம். எடையோ இரண்டு மூன்று சாவிகளின் எடைக்கு மேற்படாது. ஒரு முனையிற் கண்ணாடி பதித்த சிறு கண். மறு முனையில் வளையம். இடையே ஒரு பொத்தான். பக்கத்தே ரப்பர் மூடியின்கீழ் ஒரு துளை உண்டு. கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் கம்பியை அத்துளையிற் செருகினால் ஒன்றரை மணி நேரத்தில் அதன் வயிறு நிரம்பிவிடும். இதனை எமக்கு அளித்தவள் எம் தமக்கை மகள். “மாமா, இரவில் படியேறும்போது தடுமாறுகிறீர்கள், இதைச் சாவியோடு கோத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிக் கையில் வைத்தாள். யாம் மறுக்காது வாங்கிக்கொண்டோம். ஆயினும், மின்மினியைப் பிடித்து வளையத்தில் மாட்டித் தந்தாளே என்று உள்ளத்துள் எள்ளினோம்.

எமது எள்ளலுக்குக் காரணம் உண்டு. எம் இளமையில் வீட்டுக்கு ஒரு டார்ச்சு விளக்கு இருந்தது. முழங்கை நீளத் தகரக் குழல். அதனுள் மூன்று பாட்டரிக் கட்டைகள். எம் தந்தையார் அதனைத் தலையணைக்கருகே வைத்தே உறங்குவார். இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்லுங்கால் அதனைத் தோளிற் சாய்த்துக்கொண்டு நடப்பார். ஒளி மங்கினால் கட்டைகளை எடுத்து முற்றத்து வெயிலிற் காயவைப்பார். அவை மேலும் இரண்டோர் இரவு உழைக்கும். பிள்ளைகளாகிய யாம் அதனைக் கூரைமீது அடித்து விளையாடினால் முதுகில் அடி விழும். “விளையாடித் தீர்த்தால் வேண்டும்போது இராது” என்பார். விளக்கு என்றால் அவ்வளவு பெரிதாகவும், அவ்வளவு கண்டிப்போடு காக்கத் தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்பதே எம் எண்ணம். சிறு விளக்கைக் கண்டபோது அதன் சிறுமையை நினைத்தோமேயன்றி, தந்தையார் மொழிந்த கண்டிப்பை நினைத்தோமில்லை.

இவ்வளவு சிறிய உடலுள் அவ்வளவு ஒளி எவ்வாறு புகுந்தது என்பதனைச் சிறிது நோக்குவோம். கையில் எடுத்துச் செல்லும் குழல் வடிவான மின்விளக்குக்கு டேவிட் மிசெல் என்பார் 1899 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உரிமைக் காப்பு பெற்றார். அக்காலத்துப் பாட்டரிகள் நெடுநேரம் இடைவிடாது மின்சாரம் தரமாட்டா. ஆதலின் ஒரு கணம் எரித்து மறுகணம் அணைத்தே அவ்விளக்கைப் பயன்படுத்தினர். அதனாலேயே ஆங்கிலத்தில் அதற்குப் பளிச்சிடும் விளக்கு என்னும் பொருளில் ‘பிளாஷ்லைட்டு’ என்று பெயர் வந்தது. அவ்விளக்கினுள் இருந்த மெல்லிழை, மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாக்கிச் சிறுபகுதியையே ஒளியாக்கிற்று. இன்றைய விளக்கினுள் இழை இல்லை. ஒளியுமிழ் டையோடு என்னும் சிறு படிகமே உண்டு. கண்ணுக்குத் தெரியும் செந்நிற ஒளி தரும் டையோடு 1962 இலேயே தோன்றிற்று. நீல நிறம் நெடுங்காலம் கைகூடவில்லை. அதனைக் கைகூடச் செய்த அகசாகி, அமானோ, நாகமுரா என்னும் மூவருக்கு 2014 ஆம் ஆண்டில் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீல ஒளியின்மேல் மஞ்சள் நிறம் உமிழும் ஒரு பூச்சை அமைத்தால் இரண்டும் கலந்து வெண்ணிற ஒளியாகும். எம் விளக்கின் கண்ணை அணைத்து உற்று நோக்கினால் அம்மஞ்சட் புள்ளியைக் காணலாம். மீண்டும் மீண்டும் மின்னேற்றத் தக்க லித்தியம் அயனி மின்கலமோ 1991 இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு வழிகோலிய குடினஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவர் 2019 இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். ஆகவே எம் சாவிக்கொத்தில் இரண்டு நோபல் பரிசுகள் தொங்குகின்றன என்று யாம் மாணவரிடம் பெருமை பேசுவதுண்டு.

சில திங்களுக்குள் அவ்விளக்கு எமக்கு இன்றியமையாததாயிற்று. பூட்டின் துளையைக் காட்டிற்று. பேருந்து இருக்கையின்கீழ் உருண்டோடிய நாணயத்தைக் காட்டிற்று. நூலகத்து அடித்தட்டிற் கிடந்த நூலின் மங்கிய தலைப்பைப் படித்துக் காட்டிற்று. தொண்டைநோவென்று வந்த விடுதி மாணவன் ஒருவனின் உள்நாக்கையும் காட்டிற்று. 2012 ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாட்டில் நிலவிய கடும் மின்வெட்டுக் காலத்தில் இஃது எம்மிடம் இல்லாமற் போயிற்றே என்று பலகால் எண்ணியதுண்டு. பெரிய டார்ச்சு விளக்கு வீட்டிலே இருக்கும். இருள் வரும்போது நாம் வெளியிலே இருப்போம். சாவிக்கொத்து விளக்கோ நாம் இருக்கும் இடத்தே இருக்கும். இதுவே அதன் முதற் சிறப்பு. கைப்பேசியிலும் விளக்கு உண்டே எனின், உண்டு. ஆனால் கைப்பேசி வற்றினால் பேச்சும் போம், ஒளியும் போம்.

அவ்விளக்கிற்கு மூன்று நிலைகள் உள்ளன. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் 1 லூமன் அளவே ஒளி. ஒரு மெழுகுவத்தியின் சுடர் ஏறக்குறைய 12 லூமன் தரும் என்பதனால், இஃது எத்துணை மங்கல் என்பது விளங்கும். இரண்டாம் நிலை 15 லூமன். மூன்றாம் நிலை 130 லூமன். முதல் நிலையில் 40 மணி நேரம் எரியும். மூன்றாம் நிலையில் ஒரு மணி நேரமும் முழுதாக எரியாது. இக்கணக்கு விளக்கு வந்த பெட்டியின்மேல் அச்சிட்டிருந்தது. அதனைப் படித்தோம், படித்து மறந்தோம். பத்து நிமிடம் உச்ச ஒளியில் எரிப்பவன், ஏழு எட்டு மணி நேரம் நடப்பதற்குரிய ஒளியை உண்டு தீர்க்கின்றான் என்று எளிய வகுத்தற் கணக்கால் அறியலாம். கணக்கு அறிவது வேறு. அதன் பொருளை அறிவது வேறு.

2023 ஆம் ஆண்டு மழைக்காலத்தில், நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம் ஒன்றுக்காக மாணவர் சிலருடன் கொல்லிமலைக்குச் சென்றோம். நாமக்கல் மாவட்டத்தில் உள்ள அம்மலைக்கு எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டும். ஊருக்குச் சற்று விலகி நின்ற பள்ளிக் கட்டடம் ஒன்றில் தங்கினோம். இடம் போதாமையால் முற்றத்தில் இரண்டு கூடாரங்களும் அடித்தோம். சென்ற மறுநாளே காற்றும் மழையும் வந்து மின்கம்பி அறுந்தது. கைப்பேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. மாணவர்க்கு அஃது ஒரு திருவிழாவாயிற்று.

அன்றிரவு உணவுக்குப்பின் எம்மைச் சூழ்ந்துகொண்டு, “ஐயா, அந்த விளக்கை உச்சத்தில் வைத்துக் காட்டுங்கள்” என்றனர். யாம் இசைந்தோம். சில்வர் ஓக் மரங்களின் நுனியில் ஒளியை எறிந்தோம். அவற்றைப் பற்றி ஏறிய மிளகுக் கொடிகள் வெள்ளியாய் மின்னின. எட்டி நின்ற பாறையையும் தொட்டுக் காட்டினோம். தொலைவு இரட்டித்தால் ஒளி நான்கிலொன்றாகக் குறையும் என்று இடையே ஒரு பாடமும் நடத்தினோம். இருபது நிமிடத்துக்கு மேலாயிற்று. விளக்கு விரல் சுடும்படி வெதும்பியது. மாணவர் கைதட்டினர், யாமும் மகிழ்ந்தோம். “விளையாடித் தீர்த்தால் வேண்டும்போது இராது” என்ற குரல் அவ்வமயம் எம் செவியில் விழவில்லை.

மூன்றாம் நாள் இரவு. மேகம் மூடி விண்மீனும் இல்லை. முகாமின் பெரிய டார்ச்சு விளக்கை, உணவுப் பண்டம் வாங்க அடிவாரம் சென்ற மற்றோர் ஆசிரியர் கொண்டு சென்றிருந்தார். யாம் போர்வைக்குள் சாய்ந்து, எம் விளக்கின் எஞ்சிய ஒளியில் ஒரு நூலைப் படித்துக்கொண்டிருந்தோம். பொத்தானருகே உள்ள சிறு புள்ளி சிவந்துவிட்டது. மின்னேற்றம் முடியும் நிலை என்பது அதன் பொருள். அப்போது முதலாண்டு மாணவர் ஒருவர் வந்து, “ஐயா, வெளியே போய்வர வேண்டும், விளக்கைச் சிறிது தருகிறீர்களா?” என்று தயங்கிக் கேட்டார். யாம் நூலினின்று தலையெடுக்கவில்லை. “பழகிய வழிதானே தம்பி, விரைந்து போய் வா” என்றோம். எஞ்சிய ஒளியைப் பிற்பாட்டுக்குக் காத்துவைக்கின்றோம் என்று எமக்கு யாமே சமாதானமும் சொல்லிக்கொண்டோம். அவர் போயினார். யாம் மேலும் இரண்டு பக்கங்கள் படித்தோம்.

“ஐயா!” என்ற குரல் கேட்டது. அக்குரலை எழுத்திற் காட்ட எம்மால் இயலாது. ஓடினோம். கற்படியின்மேல் அமர்ந்து கணுக்காலைப் பற்றிக்கொண்டிருந்தார். ஏதோ கடித்து ஓடியது என்றார். விளக்கைத் தாழ்த்திப் பார்த்தோம். கணுவுக்குமேல் இரண்டு சிறு புள்ளிகளிற் குருதி அரும்பியிருந்தது. கடித்ததன் சுவடு சுற்றிலும் எங்கும் இல்லை. நடுநிலையில் எரிந்த விளக்கு அவ்வமயம் தானாகவே முதல் நிலைக்கு இறங்கிற்று. 1 லூமன் ஒளியில் அம்மாணவரின் முகத்தைக் கண்டோம்.

சமையற்காரப் பெரியவர் கயிற்றோடு ஓடிவந்து காலை இறுகக் கட்ட முனைந்தார். கட்டலாகாது, கீறலாகாது, காலை அசைக்கலாகாது, விரைந்து மருத்துவமனை சேர்க்கவேண்டும் என்று முகாமுக்குமுன் எமக்குப் பயிற்சி அளித்திருந்தனர்; அதனைச் சொல்லித் தடுத்தோம். உயிர் எஞ்சியிருந்த ஒரே கைப்பேசியால் 108 ஐ அழைத்தோம். வண்டி தார்ச்சாலை வரையிலேயே வரும். மழையால் மண்பாதை சேறாகிக் கிடந்தது. சாலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். கடியுண்டவரை நடத்திச் செல்லலாகாது. கூடாரக் கழிகள் இரண்டில் போர்வையைக் கட்டித் தூளியாக்கி, நால்வர் தோள் கொடுத்தனர்.

யாம் உயரப் பிடித்த விளக்கைப் பெரியவர் பற்றித் தாழ்த்தினார். “மேலே எதற்கு ஐயா? தூக்குகிறவர்கள் காலடியில் பிடியுங்கள். அடுத்த அடி தெரிந்தால் போதும்” என்றார். அவ்வாறே முன்னிருவரின் காலடியிற் பிடித்துக்கொண்டு பக்கத்தே நடந்தோம். முதலில் ஒன்றுமே தெரியாதது போலிருந்தது. சிறிது நேரத்தில் கண் இருளுக்குப் பழகிற்று. கல்லும் வேரும் நீர் தேங்கிய குழியும் வேறுவேறாகத் தெரிந்தன. கண் இருளுக்கு முற்றும் பழக அரைமணி நேரம் ஆகும் என்பர். எம் அச்சமோ அதற்குள் அதனைப் பழக்கிவிட்டது. லித்தியம் மின்கலம் பழைய கட்டைகளைப் போல மெல்ல மெல்ல மங்குவதில்லை. மின்னழுத்தம் ஓரெல்லைக்குக் கீழ் இறங்கியவுடன், கலத்தைக் காக்கும் பொருட்டு விளக்கு சட்டென்று அணைந்துவிடும். இது யாம் வகுப்பில் விளக்கிச் சொல்லும் செய்தி. அவ்விரவு ஒவ்வோர் அடியிலும் அதனை எண்ணினோம். மரநுனியில் எறிந்த இருபது நிமிடங்களையும், படித்த இரண்டு பக்கங்களையும் எண்ணினோம். தூளியிலிருந்து, “ஐயா, அருகில் இருக்கிறீர்களா?” என்று ஒருமுறை குரல் வந்தது. “இருக்கிறோம் தம்பி” என்றோம். அதற்குமேல் எம்மாற் பேச இயலவில்லை.

சாலையை அடைந்தோம், வண்டியும் வந்தது. அரசு மருத்துவமனையில் மருத்துவர் அவர் குருதியைச் சிறிது எடுத்துக் கண்ணாடிக் குழலில் இட்டு, இருபது நிமிடம் அசையாது வைத்தார். நஞ்சு சில வகையாயின் குருதி உறையாது. குழலைச் சாய்த்துப் பார்த்தார், உறைந்திருந்தது. இமை சரிகின்றதா, மூச்சுத் தளர்கின்றதா என்று இரவெல்லாம் நோக்கினர். கட்டுவிரியன் தீண்டினால் கடிவாயில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தோன்றாமலே அவை நேரக்கூடும் என்று சொன்னார். ஒரு தீங்கும் நேரவில்லை. நஞ்சில்லாப் பாம்போ, நஞ்சு செலுத்தாது கடித்த பாம்போ, இரண்டில் ஒன்று என்றார். 2000 முதல் 2019 வரையான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்தனர் என்று ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டிருக்கின்றது. இறந்தோருட் பெரும்பாலோர் சிற்றூரினர்; ஏறத்தாழ ஒரு பாதி இறப்புக்கள் மழைத் திங்களில் நேர்ந்தவை. மருத்துவர் எம்மை நோக்கி, “இரவில் வெளியே போகும்போது கையில் ஒரு விளக்கு இருந்தால் பாதி வேலை எங்களுக்குக் குறையும்” என்றார். எம் சட்டைப் பையுள் அவ்விளக்கு கிடந்தது. அதனை அணைக்க மறந்திருந்தோம். எப்போது அணைந்தது என்று அறியோம்.

விடிந்தபின் மாணவர் கண்விழித்தார். “தம்பி, யாம் மறுத்தபின் இன்னொரு முறை கேட்டிருக்கலாமே” என்றோம். அவர், “நீங்கள் படித்துக்கொண்டிருந்தீர்கள் ஐயா, தொந்தரவு செய்யக்கூடாது என்று போய்விட்டேன்” என்றார். குறை கூறும் தொனி அதில் சிறிதும் இல்லை. அதனாலேயே அச்சொல்லுக்கு எம்மிடம் மறுமொழி இல்லை, இன்றும் இல்லை. அவர் இச்செய்தியை எவரிடமும் சொல்லவில்லை என்று பின்னர் அறிந்தோம். இப்போது அவர் இசைவு பெற்றே எழுதுகின்றோம். “எழுதுங்கள் ஐயா, ஆனால் விளக்கைப் பற்றியும் எழுதுங்கள்” என்றார்.

எனவே விளக்கைப் பற்றியும் எழுதி முடிக்கின்றோம். இத்தகைய விளக்கு வாங்குவோர் பெரும்பாலும் அதன் உச்ச ஒளி எத்தனை லூமன் என்றே கேட்கின்றனர். மிகத் தாழ்ந்த ஒளி எவ்வளவு, அஃது எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்பதே முறை. பொத்தானை அழுத்தினால் தாழ்ந்த நிலையில் தொடங்கும் விளக்கே நன்று. கண்ணும் கூசாது, மின்கலமும் வீணாகாது. வாரத்துக்கு ஒரு நாள் என்று வரையறுத்து மின்னேற்றுக. யாம் ஞாயிற்றுக்கிழமை மாலையை அதற்கென வைத்துள்ளோம். முற்றும் வற்றிய நிலையில் திங்கட்கணக்காகப் போட்டுவைக்கலாகாது. வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்கலாகாது. இரண்டும் லித்தியம் மின்கலத்தைக் கெடுக்கும். முகாமுக்குச் செல்லுங்கால், மின்னேற்றும் கம்பியோடு சிறு மின்சேமிப்புக் கலம் ஒன்றையும் கொண்டு செல்க. காலையிற் செருப்பணியுமுன் அதனுள் ஒளிகாட்டிப் பார்க்க. இருளில் நடக்குங்கால் காலடியிற் பிடிக்க. இது யாம் பெரியவரிடம் கற்ற பாடம்.

இன்னொன்றும் உண்டு. அதனை அறிவியல் நூல்கள் கூறுவதில்லை. எஞ்சிய ஒளி யாருக்கு உரியது என்னும் வினாவே அது. எம் சாவிக்கொத்து, எம் விளக்கு, எம் மின்னேற்றம் என்று அன்றிரவு கணக்கிட்டோம். படிப்பவனுக்கு வேண்டும் ஒளியும், இருளில் அடியெடுத்து வைப்பவனுக்கு வேண்டும் ஒளியும் ஒரே துளையிலிருந்து வருவன. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. நிறைந்திருக்கும்போது மரநுனிக்கு வாரி இறைத்தோம். குறைந்தபோது ஒரு பிள்ளையின் காலடிக்கு இல்லை என்றோம். விளக்கில் குறையில்லை, அஃது எஞ்சியதைக்கொண்டு சாலை வரையில் எரிந்தது.

முகாமிலிருந்து திரும்பிய வாரமே அதே வகை விளக்கு ஒன்றை மேலும் வாங்கினோம். இப்போது எம் சாவிக்கொத்தில் இரண்டு விளக்குகள் தொங்குகின்றன. சட்டைப் பை சற்றுக் கனக்கின்றது. ஒன்று எமக்கு, மற்றொன்று கேட்பவருக்கு. விடுதி மாணவர் எவரேனும் இரவில் எம் அறைக் கதவைத் தட்டி விளக்குக் கேட்பின், காரணம் வினவாது கொடுப்போம். நூல் கையில் இருந்தாலும் தட்டுக; ஒருமுறை தட்டிப் பயனில்லையேல் இன்னொரு முறையும் தட்டுக. மறுநாள் மின்னேற்றித் திருப்பித் தருதல் வேண்டும் என்பதொன்றே எமது நிபந்தனை.